கவன் மலையில் தொலைந்த அன்ரி

"அன்ரி, பதறாதேங்கோ. உங்களுக்கு முன்னால என்ன தெரியுது?"

"மரம், தம்பி."

"என்ன மரம்?"

"மரந்தான்."

சசிகரன் ஹெட்செட்டைக் காதோடு அழுத்திக்கொண்டு திரையில் இருந்த வரைபடத்தைப் பெரிதாக்கினான். அயர்லாந்தின் கவன் மாவட்டம் பச்சைப் பசேலென்று விரிந்தது. அந்த மாவட்டத்து மலைகளில் நடக்க ஆசைப்படும் கனடாக்காரரைக் கூட்டிப் போகிற சின்ன நிறுவனம் ஒன்றில், கனடாவின் மிசிசாகா அலுவலகத்தில், அவனுக்கு வேலை. வழி தவறுகிறவர்கள் அழைக்கும் தொலைபேசிக்கு அவன்தான் பொறுப்பு. சசிகரன் அயர்லாந்துக்குப் போனதில்லை. மலை ஏறினதும் இல்லை. அவன் குடியிருக்கும் ஸ்காபரோவின் மல்வேர்னில் பஸ்ஸுக்கு ஓடுவதோடு அவனுடைய நடை முடிந்தது. ஆனாலும் வரைபடத்தைப் பார்த்து வழி சொல்லி இதுவரை ஒருவரையும் அவன் தொலைத்ததில்லை. திங்கட்கிழமை வேலையை நிரந்தரமாக்குவதா, அவனை வீட்டுக்கு அனுப்புவதா என்று மனேஜர் ஜோசுவா சொல்ல இருந்தார்.

இந்தச் சனிக்கிழமை காலை பதினொரு மணிக்குக் கனகாம்பிகை என்ற பெண்மணி அழைத்தார். கொஞ்ச நேரம் இங்கிலிஷில் தடக்குப்பட்டுவிட்டு, அவன் பெயரைக் கேட்டதும் தமிழுக்குத் தாவிவிட்டார். கவனில் நடக்க வந்த இடத்தில் கூட வந்தவர்களைத் தவறவிட்டுவிட்டாராம். போனில் 'கவன் நடைபாதை' என்று தேடி இந்த இலக்கத்தைக் கண்டுபிடித்தாராம்.

"எங்கயிருந்து வந்தனீங்கள், அன்ரி?"

"மல்வேர்ன்."

"நானும் மல்வேர்ன்தான்." சசிகரனுக்கு நெஞ்சு இளகிவிட்டது. அடுத்த தெருவுப் பெண், கடல் கடந்துபோய்க் காட்டுக்குள் தனிய நிற்கிறார். "எப்ப திரும்பிறீங்கள்?"

"இண்டைக்குத்தான் ராசா. வீட்டில எல்லாரும் பாத்துக்கொண்டு நிப்பினம்."

பிளைட்டும் இன்றைக்கு என்று சசிகரன் குறித்துக்கொண்டான். சுவரில் அயர்லாந்து நேரம் காட்டுகிற மணிக்கூடு நாலைத் தாண்டியிருந்தது. ஒக்ரோபர் மாதம். ஆறரைக்கு அங்கே இருட்டிவிடும்.

"வலக்கைப் பக்கம் ஒரு கல்மதில் இருக்க வேணும், அன்ரி."

"கம்பி வேலிதான் இருக்குது."

"மதிலை இடிச்சுப்போட்டு வேலி போட்டிருப்பினம். வேலியோடயே போங்கோ. கொஞ்சத் தூரத்தில செம்மறியாடு நிக்கும்."

"மாடு நிக்குது. என்னைத்தான் பாக்குது."

"நீங்கள் அதைப் பாக்காதேங்கோ. அதுக்கங்கால ஓடை ஒண்டு வரும். தாண்டுங்கோ."

தண்ணீர்ச் சத்தம் கேட்டது. பிறகு மூச்சு வாங்குகிற சத்தம்.

"தம்பி, ஒரு சப்பாத்து சேத்துக்குள்ள போட்டுது."

"பரவாயில்லை. மேட்டில ஏறுங்கோ. மேல நிண்டால் வாவி தெரியும்."

ஒரு காலில் மட்டும் சப்பாத்தோடு ஏறப் பத்து நிமிடம் பிடித்தது. "தெரியுது. ஒண்டு."

சசிகரன் வரைபடத்தைப் பார்த்தான். கவன் மாவட்டத்தில் நூற்றுக்கணக்கில் வாவி கிடந்தது.

"என்ன நிறத்தில இருக்குது, அன்ரி?"

"தண்ணி நிறத்தில."

"சரி, வந்த வழியே இறங்குங்கோ. இருட்ட முதல் றோட்டுக்கு வந்திட வேணும்."

"இருட்டோ? வெயில் இப்பதான் ஏறுது. ஜக்கெற்றையும் கழட்டி இடுப்பில கட்டிப்போட்டன்."

சசிகரன் நிமிர்ந்து உட்கார்ந்தான். வேலையில் சேர்ந்த அன்று கொடுத்த கையேட்டின் பன்னிரண்டாம் பக்கம் அவன் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. குளிர் உடம்புக்குள் இறங்கியவருக்கு வெக்கையாக இருப்பதுபோலத் தோன்றும், உடுப்பைக் கழற்றுவார், நேரம் காலம் குழம்பும்.

"அன்ரி, உடன ஜக்கெற்றைப் போடுங்கோ."

"வேர்க்குது, தம்பி."

"வேர்க்கேல்லை. வேர்க்கிற மாதிரி உங்களுக்கு இருக்குது."

"மகன், உமக்கு ஒண்டும் இல்லைத்தானே?"

"இப்ப என்ன நேரமெண்டு சொல்லுங்கோ பாப்பம்."

"பதினொண்டரை. மூண்டு மணிக்கு எனக்கு ஆஸ்பத்திரிக் குசினியில சமையல் ஷிப்ட். அதுக்குள்ள போயிட வேணும்."

அவன் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தான். நாலரை. மண்டைக்குள் குளிர் ஏறிவிட்டது, இனிச் சந்தேகமில்லை. "ஓம் அன்ரி, ஷிப்டுக்குப் போகலாம்," என்று குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு, ஜோசுவாவைக் கைகாட்டிக் கூப்பிட்டான்.

ஜோசுவா நின்றபடியே எல்லாவற்றையும் கேட்டார். "மீட்புக் குழுவைக் கூப்பிட்டால் விளையாட்டில்லை. நிச்சயமாய்த் தெரியுமா?"

"அவ சாகப்போறா, ஜோசுவா."

அடுத்த தொலைபேசியில் அயர்லாந்து மலை மீட்புக் குழுவின் டெக்லன் கிடைத்தார். பன்னிரண்டு தொண்டர்களும் இரண்டு நாய்களும் புறப்பட்டார்கள். ஒருவர் சொந்த மகளின் பிறந்தநாள் கேக்கை வெட்டாமல் விட்டுவிட்டு வந்தாராம்.

"எந்த மேடு?" என்று டெக்லன் கேட்டார்.

"மேல நிண்டால் ஒரு வாவி தெரியும்."

"இங்கே எந்த மேட்டில் நின்றாலும் ஒரு வாவி தெரியும், தம்பி. சத்தம் போடச் சொல்."

சசிகரன் திரும்பினான். "அன்ரி, பாடுங்கோ."

"இப்பவோ?"

"இப்பதான்."

கனகாம்பிகை கொஞ்சம் யோசித்துவிட்டு, தொண்டையைச் செருமி, ஒரு தேவாரத்தை எடுத்தார். நல்ல குரல். இரண்டாவது அடியில் டெக்லன் கத்தினார்: "மேற்குப் பக்கம் ஒரு குரல் கேட்கிறது. மெலிந்த குரல்." அலுவலகமே எழுந்து நின்றது. ஐந்து நிமிடத்துக்குப் பிறகு, அது வேலியில் சிக்கிய செம்மறியாடு என்று தெரியவந்தது.

வேறு வழியில்லாமல் ஹெலிகொப்டரும் கிளம்பியது.

"அன்ரி, மேல ஏதாவது தெரியுதோ?"

"பிளேன் ஒண்டு போகுது. நல்ல உயரத்தில."

"அதுக்குக் கையைக் காட்டுங்கோ."

"மிச்சச் சப்பாத்தைக் கழட்டி ஆட்டிக்கொண்டு நிக்கிறன். அது நிக்காமல் போகுது."

ஹெலிகொப்டருக்கும் ஒருவரும் தென்படவில்லை. டெக்லனின் குரலில் நம்பிக்கை தேய்ந்தது. அங்கே வெளிச்சம் மங்குகிறதாம். சசிகரன் தன்னையே நொந்துகொண்டான். தான்தானே ஓடையைத் தாண்டச் சொன்னவன், தான்தானே மேட்டில் ஏற்றினவன். அவரை வீட்டில் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு யார் சொல்வது?

"அன்ரி, நித்திரை கொள்ளாமல் என்னோட கதைச்சுக்கொண்டிருங்கோ."

"எனக்கேன் நித்திரை வருது? மகன், நீர் அழுறீரோ?"

"இல்லை, அன்ரி."

"அழாதையும். எனக்கு ஒண்டும் இல்லை. பசிதான். கொஞ்சம் பொறும், ஆரோ ட்ரக்கில வாறார்."

நாய் குரைத்தது. கதவு அடித்துச் சாத்துகிற சத்தம். பிறகு ஒரு ஆணின் தடித்த குரல் இங்கிலிஷில் பேசியது.

"நான் மரியோ. இந்த அம்மா என்னுடைய வயலுக்குப் பின்னால் வெறுங்காலோடு நின்று போனில் பேசுகிறார். என்ன நடக்கிறது?"

"கடவுள்தான் உங்களை அனுப்பியிருக்கிறார்," என்றான் சசிகரன். ஜோசுவா ஸ்பீக்கரைப் போட்டார். "அவரைப் போர்வையால் போர்த்துங்கள், தேத்தண்ணி கொடுங்கள். நித்திரை கொள்ள மட்டும் விடாதீர்கள். மீட்புக் குழு பக்கத்தில்தான். பன்னிரண்டு பேர், இரண்டு நாய், ஒரு ஹெலிகொப்டர். உங்கள் மலையைச் சுற்றி வளைத்திருக்கிறார்கள்."

மரியோ சுற்றும்முற்றும் பார்த்திருக்க வேண்டும்.

"இங்கே ஒரு குருவியும் இல்லையே," என்றார். "நான் பூசணிக்காய் ஏற்றிக்கொண்டு ஸ்காபரோ சந்தைக்குத்தான் புறப்படுகிறேன், பீற்றர்பரோவுக்குப் பக்கத்தில் இருக்கிற இந்தக் கவனில் இருந்து மல்வேர்னுக்கு ஒரு மணித்தியாலம்கூட ஆகாது, அம்மாவை நானே வீட்டு வாசலில் இறக்கிவிடுகிறேன்."