சாட்சி சொன்னதால் நின்றுபோன ஹால்டிக்கெட்

காட்டுப்பாக்கம்,
செவ்வாய்க்கிழமை.

கர்த்தருக்குள் அன்பான மச்சான் யூஜின் அவர்களுக்கு, அருள்தாஸ் ஸ்தோத்திரத்தோடு எழுதுவது. நானும் உங்கள் தங்கை ஞானகுமாரியும் மகள் பெனிஷாவும் சுகம் என்று எழுத ஆசைதான். ஆனால் ஞானகுமாரி மூன்று நாளாக என்னோடு பேசுவதில்லை, சோறு மட்டும் வருகிறது. தினமும் காலை ஐந்து மணிக்கு வசனம் அனுப்புகிறேன் என்று நீங்கள் என்னை போனில் பிளாக் செய்துவிட்டதால், ஆவடிக்குத் தபால்தலை ஒட்டி எழுத வேண்டியிருக்கிறது. வசனத்தை பிளாக் செய்தவரை நான் நியாயந்தீர்க்க மாட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். பெனிஷா படிக்கும் பல்கலைக்கழகத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கணக்கு திறந்து, கட்டியது, கட்டாதது எல்லாம் இணையத்தில் காட்டுகிறார்கள். ஃபீஸ் அறுபதாயிரம். இருபதை நான் கட்டிவிட்டேன். போன மாதம் அதில் ‘உதவித்தொகை நாற்பதாயிரம், ஒப்புதல்’ என்று பச்சை எழுத்தில் வந்தது. அந்த ஞாயிறே சபையில் சாட்சி நேரத்தில் எழுந்தேன். எழுந்தவன் உள்ளதைச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். மைக்கைப் பிடித்தால் நாக்கு நிற்குமா? முன்வரிசையில் ஆக்னஸ் அக்கா கண்ணைத் துடைக்கிறார், பாஸ்டர் அல்லேலூயா என்கிறார், நான் பாட்டுக்கு முழு ஃபீஸையும் கர்த்தரே கட்டிவிட்டார் என்று சொல்லிவிட்டேன். என் பி.எஃப். பணம் இருபதாயிரமும் அவர் கணக்கில் போய்விட்டது.

அப்புறம்தான் தெரிந்தது, ஒப்புதல் வேறு, பணம் வேறாம். போன வருடம் சபைக் கல்வி நிதியில் வாங்கினோம் இல்லையா, இந்த வருடம் வாங்கவில்லை என்று கடிதம் வைத்தால்தான் கணக்கில் ஏறுமாம். சபைப் பொருளாளர் ஜாபஸ் உங்களுக்குத் தெரிந்தவர்தான், அம்பத்தூர் எஸ்டேட்டில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஒரு நட்டுக்கும் கையெழுத்து வாங்கியவர். கேட்டதும் எழுதி, முத்திரை குத்தி, உறையை ஒட்டியே கொடுத்தார். நானும் அப்படியே கொண்டுபோய், மாணவர் கணக்குப் பிரிவில் பார்வதம் என்ற அம்மாவிடம் நீட்டினேன். அந்த அம்மா சத்தமாகப் படித்தார்: ‘இக்குடும்பம் எங்களிடம் எதுவும் பெறவில்லை. மாணவியின் முழுக் கட்டணத்தையும் கர்த்தரே செலுத்திவிட்டதாகத் தகப்பனார் சபைமுன் சாட்சி கூறியுள்ளார்.’

பார்வதம்மா நல்ல மனுஷிதான், ஆனால் கம்ப்யூட்டரில் அதற்குக் கட்டம் இல்லையே. வெளியார் உதவி, முழுத்தொகை என்று ஏற்றினார். பச்சை எழுத்து சிவப்பாகி, நாற்பதாயிரம் நின்று, ஹால்டிக்கெட்டும் பூட்டிக்கொண்டது.

“அந்த ஸ்பான்சர் எப்ப சார் கட்டுவாரு?” என்று கேட்டார்.

மேலே பாத்துக்கினே வெளியே வந்துட்டேன் மச்சான்.

ஜாபஸிடம் ஓடினேன். புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில் எழுந்து, சொன்ன சாட்சியைத் திருத்திச் சொன்னால் அங்கேயே வேறு கடிதம் தருகிறேன் என்றார். ரெண்டு நிமிஷ வேலைப்பா என்கிறாள் பெனிஷா. அவளுக்கென்ன, முப்பது வருஷமா அந்தச் சபையில் தலைநிமிர்ந்து நடந்தவன் நான்தானே. பொய்ச்சாட்சிக்காரன் என்று பேரெடுப்பதைவிட உங்கள் காலில் விழுவது மேல். வெள்ளிக்கிழமை பரீட்சை. ஹால்டிக்கெட் இல்லையென்றால் பிள்ளைக்கு ஒரு வருஷம் போய்விடும். நாற்பதாயிரம் அனுப்புங்கள், சித்திரைக்குள் தந்துவிடுகிறேன். இது சாட்சி இல்லை, சத்தியம்.

உங்கள் வீட்டின் உட்காருதலையும் எழுந்திருத்தலையும், அந்தப் பழைய ஸ்கூட்டரையும் கர்த்தர் காப்பாராக.

மச்சான்,
அருள்தாஸ்

பின்குறிப்பு (வியாழன்): பணம் வேண்டாம். நேற்று ஜெபக்கூட்டத்தில் பெனிஷாவே எழுந்துவிட்டாள். “எங்கப்பா ஆசைல கூட்டிச் சொல்லிட்டாரு. இருபதாயிரம் அவருதான் கட்டுனாரு, நாப்பது இன்னும் வரல. எனக்கு ஹால்டிக்கெட் வேணும்” என்றாள். நானும் எழுந்து பிள்ளை பக்கத்தில் போய் நின்றேன். ஆமென் சத்தத்தில் ஃபேன் ஆடியது. பிறகு வரிசையாக நாலு பேர் எழுந்து, தங்கள் சாட்சியிலும் கொஞ்சம் கூட்டல் உண்டு என்றார்கள். ஜாபஸ் எனக்கு வேறு கடிதம் எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டு, பேனாவை மூடாமலே எழுந்தார். “என் பையனுக்குக் கனடால வேலைன்னு சொன்னேன்ல, அவன் ஒரு வருஷமா இங்க பக்கத்துல குமணன்சாவடிலதான் ரூம் எடுத்துத் தங்கிக்கினு கீறான்.”