பாதுகாப்புச் சைக்கிளில் ஒரு மெதுவோட்டம்

யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவருக்குச் சைக்கிளைப் பற்றி ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை. எங்கள் ஆட்கள் அநேகமாக எல்லோருக்கும் இந்த நினைப்பு உண்டு. ஆளை விழுத்துவதும் இதே நினைப்புத்தான்.

2009இல் எங்கள் வீடுகளில் சிரிப்பே இல்லை. ஊரிலிருந்து வந்த போர்ச் செய்திகள் அப்படி. லண்டனில் ஹரோவில் என் மகள் மது போய்வந்த சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில், விளையாட்டுப் போட்டியை வைப்பதா விடுவதா என்று கூட்டம் போட்டு, கடைசியில் பிள்ளைகளுக்காக வைப்போம் என்று முடிவெடுத்தார்கள். பதினொரு வயது மதுவோ வேறு முடிவெடுத்திருந்தாள்.

"அடுத்த வருசம் நான் போகமாட்டன் அம்மா. என்ர பிரெண்ட்ஸ் எல்லாம் ஷொப்பிங், நான் மட்டும் சொல்வதெழுதுதல். நோ வே!"

இவள் தமிழை விட்டால் வீட்டில் சண்டை பிடிக்கக்கூட எனக்கு ஆள் இல்லை. (கணவர் சண்டைக்கு உதவாத மனிதர்.) அப்போதுதான் நிகழ்ச்சி நிரலில் தாய்மாருக்கான மெதுவாகச் சைக்கிள் ஓடும் போட்டி கண்ணில் பட்டது. கால் நிலத்தில் படக்கூடாது. கடைசியாக வருபவர்தான் வெற்றி. பள்ளிக்கூட நாட்களில் அதில் நான் பெரிய விண்ணி, என்னை வெல்ல ஆள் இல்லை.

"நான் வெண்டால் இன்னும் ஒரு வருசம் போவியோ?"

மது என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஓகே. ஆனா நீங்கள் வெல்லமாட்டீங்கள்."

பக்கத்து வீட்டு ஆர்தர் ஓய்வுபெற்ற மனிதர். தோட்டத்துக் கொட்டில் நிறையப் பழைய சைக்கிள் வைத்திருந்தார். அதிலே பெண்களுக்கான, நூறு வருடப் பழைய சைக்கிள் ஒன்றும் இருந்தது. அதற்கு முந்தியதெல்லாம் முன்சில்லு ஆளுயரத்துக்கு நிற்கும் வண்டிகளாம். கல் ஒன்று தடுக்கினால் ஓடுகிறவர் தலைகுத்தி விழுவார். பிறகு இரண்டு சில்லும் ஒரே அளவாக, சங்கிலி பூட்டி வந்ததற்குப் 'பாதுகாப்புச் சைக்கிள்' என்றே பெயர் வைத்தார்கள். அதன் பிறகுதான் பெண்கள் துணைக்கு ஆள் இல்லாமல் நினைத்த இடத்துக்குப் போகத் தொடங்கினார்கள் என்றார். பாவாடை சிக்காமல் இருக்கப் பின்சில்லில் நூல்வலை கூடக் கட்டியிருந்தது.

"இதில் பெடலும் சில்லும் ஒன்றாகத்தான் சுற்றும். பெடலை மெதுவாக்கினால் சில்லும் மெதுவாகும்," என்றார். எனக்குள் ஒரு களவுப் புத்தி பளிச்சென்று எரிந்தது. மெதுவோட்டத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? இரவல் கேட்டேன். பாவம், தந்துவிட்டார்.

"இஞ்சேரும், ஒருக்கா ஓடிப் பாத்திட்டுப் போம்," என்றார் கணவர்.

"எனக்கோ? சைக்கிளோ?" என்றேன்.

போட்டியன்று சீலை உடுத்தி, முதலில் மைக்கை வாங்கி, பாதுகாப்புச் சைக்கிளும் பெண் விடுதலையும் பற்றி ஒரு பேச்சு வேறு வைத்தேன். கை தட்டினார்கள். (முடிந்ததற்காக என்று பிறகு மது சொன்னாள்.) பிறகு விசில் ஊதியது.

முதல் சில அடி, ஆகா! ஆமை தோற்றது. மற்றத் தாய்மார் எல்லோரும் எனக்கு முன்னே. அந்த மிதப்பில், ஊர்ப் பழக்கத்தில், மிதிப்பதை நிறுத்திக் காலை ஆறவிட்டேன். பெடல் ஆறவில்லை. என் காலை மேலே தூக்கி எறிந்துவிட்டு அது தன் பாட்டில் சுற்றியது. மைதானம் சரிவு என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

"பிரேக்கைப் பிடியும்!" என்று கத்தினார் கணவர். பிடித்தேன். அது மணி. கிணிங் கிணிங் என்று அடித்தபடி, இரண்டு காலையும் அகட்டிக்கொண்டு எல்லோரையும் கடந்தேன். முடிவுக் கோட்டைக் கடந்தேன். வடையும் ரோல்ஸும் வைத்திருந்த மேசையைத் தள்ளிக்கொண்டு போய்ச் சர்பத் வாளிக்குள் இருந்தேன்.

மைக்கில் செயலாளர் பரமேஸ் அண்ணை சற்றும் குரல் மாறாமல் அறிவித்தார்: "முதலாவதாக வந்திருப்பவர் மதுவின் தாயார். ஆனபடியால் அவர் கடைசி."

மைதானமே வெடித்துச் சிரித்தது. மாதக்கணக்கில் சிரிக்காத சனம், கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தது. ஆர்தர் ஓடிவந்து முதலில் சைக்கிளைத் தூக்கிப் பார்த்தார். அதில் ஒரு கீறலும் இல்லை. நூல்வலை புண்ணியத்தில் சீலையும் கிழியவில்லை. நான்தான் தொப்பலாக, போச்சே, பிள்ளையின் தமிழும் போச்சே என்று மதுவைத் தேடினேன். அவள் புல்லில் விழுந்து கிடந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

வீடு திரும்பும்போது காரில் மது மெல்லக் கேட்டாள். "அம்மா, அடுத்த வருசமும் ஓடுவீங்களோ?"

"ஏலாது! செத்தாலும் ஏலாது!"

"அப்ப நான் வகுப்புக்குப் போகமாட்டன்."

ஓடினேன். அவள் உயர்தரம் முடிக்கும்வரை வருடாவருடம் ஓடினேன், ஒருமுறையும் வெல்லவில்லை.

இன்று வீட்டில் யார் எதில் முதலாவது வந்தாலும், "உண்மையான முதலாவதோ, அம்மான்ர முதலாவதோ?" என்றுதான் கேட்பார்கள். மது இப்போது அதே வகுப்பில் படிப்பிக்கிறாள். விளையாட்டுப் போட்டியில் மைக்கைப் பிடிப்பதும் அவள்தான்.

"தாய்மாரே, கடைசியா வாறவைக்குத்தான் பரிசு. அந்தா, முன்வரிசையில இருக்கிற எங்கட அம்மாவைப் பாத்து ஒருத்தரும் பழகிப்போடாதேங்கோ!"

எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அவள் சொன்னதில் ஒரு இங்கிலீசுச் சொல் கூட இல்லை.