நாராயணசாமியின் நேர்கோடு

"யாரு உள்ள நின்னது?" என்று நாராயணசாமி கத்தினார்.

கணினித் திரையில் தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்க வேண்டிய கோடு, திடீரென்று குன்று மாதிரி எழும்பி நின்றது.

"நீங்கதான் சார் நின்னுக்கினு இருக்கீங்க," என்றாள் ஆராய்ச்சி மாணவி கீர்த்தி.

"நான் இதைப் பெத்தவன். என்னைக் கணக்குல சேர்க்காத!"

திருப்பதி ஆய்வகத்தில் ஆறு வருடம் உழைத்து அவர் உருவாக்கிய கருவி அது. பிறந்துகொண்டிருக்கும் நட்சத்திரத்தின் மெல்லிய வெப்பக் கதிரை, அதாவது அகச்சிவப்பை, அளக்கும். அதற்குள்ளே ஒரு மெல்லிய உலோகப் படலம். விண்வெளியைவிடக் குளிராக்கினால் அதில் மின்சாரம் தடையே இல்லாமல் ஓடும். மீக்கடத்தி என்பது அதுதான். பொங்கப்போகும் பாலை விளிம்பிலேயே பிடித்துவைப்பது போல, தடை திரும்பி எழப்போகும் அந்தக் கணத்திலேயே படலத்தை நிறுத்திவைப்பார்கள். துளி வெப்பம் பட்டால் போதும், கோடு ஏறிவிடும். அதிர்வு, காந்தம் எது சீண்டினாலும் அதே கதைதான். இப்போது கருவியின் சாளரத்தை மூடிவைத்திருந்தார்கள். கோடு ஏற ஒரு காரணமும் இல்லை.

வியாழக்கிழமை கருவியைச் சோதிக்க டெல்லிக் குழு வருகிறது. கோடு படுக்காவிட்டால் கருவியைப் பெட்டியில் கட்டிப் புனேவுக்கு அனுப்பிவிடுவார்கள்.

திங்கட்கிழமையே தடையுத்தரவுகள் ஆரம்பமாயின. முதலில் கோவிந்தம்மாளின் டீ.

"வாசல்ல நிக்கிற டீ, உள்ள இருக்கறத எப்டி சார் சுடும்?" என்று கேட்டாள் கேண்டீன் கோவிந்தம்மாள்.

"வெப்பம் கதவைத் தட்டிட்டா உள்ள வரும்?"

அடுத்தது கீர்த்தியின் இயர்போன்.

"அதுக்குள்ள காந்தம் இருக்குது, தெரியுமா? எம்.எஸ்ஸி. படிச்சவ நீ! வெளிய வை!"

எல்லாம் வெளியே போயிற்று. கோடு மட்டும் இறங்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது அவருக்குத் தலை சுற்றியது. மனைவி சுந்தரி பி.பி. பார்த்தாள். நூற்று எழுபது.

"போன வாரம் வலது கையில போட்ட காப்பு பத்தல. சித்தூர்ல இருந்து இன்னொண்ணு வரவழைச்சேன். இடது கைய நீட்டுங்க."

"இதெல்லாம் இன்னா வேஷம் சுந்தரி?"

"எதிர்வீட்டு ஷோபாவுக்கு ரெண்டு போட்டதும் இறங்கிடுச்சாம். பேசாம நீட்டுங்க."

நாள் முழுக்கச் சண்டை போட்டவருக்கு வீட்டில் சண்டை போடத் தெம்பில்லை. கறுப்புக் காப்பு கையில் ஏறியது.

செவ்வாய்க்கிழமை கோடு இன்னும் உயர்ந்தது. எங்கோ ஓட்டை வழியாக வெளிச்சம் கசிகிறது என்று முடிவு கட்டி, கருவியின் வெளிக் கவசத்தையே கழற்றினார். இரண்டு கையாலும் உருளையைத் தழுவிக்கொண்டு ஒவ்வொரு திருகாணியாகத் தடவிப் பார்த்தார். கோடு திரையை விட்டே மேலே போய்விட்டது.

"சார், கவசத்தை மாட்டிடலாமா?" என்றாள் கீர்த்தி.

"நீயும் அந்த டீக்கார அம்மா கட்சியா?"

புதன்கிழமை காலையில் இயக்குநருக்குப் புகார் எழுதினார்: 'கேண்டீன் ஊழியரின் அலட்சியத்தால் நாட்டின் ஆறு வருட உழைப்பு பாழாகிறது. உடனே நீக்கவும்.'

சேதி தெரிந்த கோவிந்தம்மாள், டம்ளரும் ஸ்பூனுமாக நேரே உள்ளே வந்துவிட்டாள்.

"என் வயித்துல அடிக்கிறீங்களே, நியாயமா சார் இது? பதினாலு வருஷமா இங்க டீ ஆத்தறேன். எந்த மெஷினு என்னால கெட்டுச்சு? இந்தா, உங்க முன்னாலயே கலக்கறேன். கோட்டைப் பாருங்க!"

"வெளிய போ! சூடான ஸ்பூனை எடுத்துக்கினு இங்கயே வர்றியா?"

டீ கலக்கிக்கொண்டிருந்த இரும்பு ஸ்பூனை அவள் கையிலிருந்து பிடுங்கினார். அதே வேகத்தில், வேண்டாத பொருளைப் போடுவது போல விரல்களை விரித்துக் கீழே போட்டார்.

'டங்' என்ற சத்தம் வரவில்லை.

கீர்த்தியும் சேர்த்து மூன்று பேரும் தரையைப் பார்த்தார்கள். தரையில் ஒன்றும் இல்லை.

கோவிந்தம்மாள்தான் முதலில் நிமிர்ந்தாள்.

"எங்க சார் விழும்? உங்க காப்புலதான் ஒட்டிக்கினு கீது."