சுவாசக் குற்றம்

தலைவலிக்கு மாத்திரை கண்டுபிடித்த மேதைகள் உலகில் பலர் இருக்கலாம். தலைவலிக்குக் குற்றவாளியையே கண்டுபிடித்த மாமேதை அந்தச் சலவை நிலையத்தின் மேலாளர் ஒருவர்தான்.

ஒரு வாரமாகவே இஸ்திரி போடும் அக்காவுக்கு மதியம் தாண்டினால் தலை கிறுகிறுத்தது. துணி மடிக்கும் அண்ணன் போர்வையை மடித்தபடியே அதன்மேல் சாய்ந்துவிட்டார். கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயு கூடினால் எச்சரிக்கும் சுவர்க் கருவி வேறு கீச் கீச்சென்று கத்தியது.

"சார், கொதிகலன்ல நெருப்பு மஞ்சளா எரியுது. புகைபோக்கி அடைச்சிருக்கும். மெக்கானிக்கைக் கூப்பிடுங்க" என்றாள் அக்கா.

மேலாளர் அவசரப்படவில்லை. ஆராய்ச்சியில் இறங்கினார்.

"பாவம், கொதிகலனை ஏம்மா குறை சொல்றீங்க? கார்பன் மோனாக்சைடை உற்பத்தி பண்றதே நீங்கதான்!"

"நானா?"

"நீங்க, அண்ணன், எல்லாரும்தான். பழைய சிவப்பணு சிதையும்போது உடம்புலயே அந்த வாயு இயற்கையா உண்டாகுது. விஞ்ஞானம்!"

அவர் படித்த வரியில் 'மிகச் சிறிதளவு' என்றும் இருந்தது. பெரிய மனிதர்கள் சிறியவற்றைக் கண்டுகொள்வார்களா?

மறுநாள் 'சுற்றறிக்கை' ஒட்டப்பட்டது: 'ஊழியர்கள் தத்தம் சிவப்பணுக்களைப் பணிநேரத்துக்கு வெளியே சிதைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.' மூச்சில் அந்த வாயு எவ்வளவு என்று ஊதிப் பார்க்கும் கருவியும் வந்தது. அக்கா காலையில் வீட்டிலிருந்து வந்ததும் ஊதினாள்: இரண்டு. மாலையில் ஊதினாள்: இருபது.

"பாத்தீங்களா! வீட்ல ரெண்டு, இங்க இருபது. உங்களை வேலைக்கு வச்சது துணி தேய்க்கவா, வாயு தயாரிக்கவா?"

அக்கா சட்டென்று வாயைத் திறக்கவில்லை. திறந்தால் உற்பத்தி கூடிவிடுமே!

"சரி சார்," என்றாள் கடைசியில். "நாளைக்கு லீவு. நாங்க யாரும் இருக்க மாட்டோம். கொதிகலன் மட்டும் ஓடட்டும். கருவி கத்துதான்னு பாப்போம்."

விடுமுறை முடிந்து வந்தபோது தெருமுனைக்கே கருவியின் கீச் சத்தம் கேட்டது. அக்கா வாசலிலிருந்த எரிவாயுக் குழாயைத் திருகி மூடினாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடி, ஜன்னல்களைத் திறந்துவிட்டு வெளியே வந்தாள். அண்ணன் அழைத்து வந்த மெக்கானிக், புகைபோக்கிக்குள் கையைவிட்டு ஒரு கூடைத் துணிப்பஞ்சை இழுத்துப் போட்டார். மேலாளர் மரியாதை நிமித்தம் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"நேத்து உள்ள யாருமே இல்லையா?"

"ஈ காக்கா இல்ல சார்."

மேலாளர் தரையெல்லாம் துழாவினார். இஸ்திரி மேசைக்கடியில் ஒரு பல்லி மல்லாந்து கிடந்தது. அவர் முகம் மலர்ந்தது.

"பல்லிக்கும் சிவப்பணு உண்டும்மா! நாள் முழுக்கத் தனியா உக்காந்து தயாரிச்சிருக்கு!"

"அது செத்துல்ல கிடக்கு?"

மேலாளர் தளரவில்லை. பேனாவைத் திறந்து அறிக்கையை முடித்தார்: 'வாயு இயற்கையானது. ஆகவே, பல்லியின் மரணமும் இயற்கை மரணமே.'

அக்கா அதை ஒருமுறைக்கு இருமுறை படித்தாள்.

"நல்லவேளை சார். எங்களுக்கும் நீங்க இதையே எழுதறதுக்குள்ள குழாயை மூடிட்டேன்."