என் முதலும் கடைசியுமான தன்சல்

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கும்போதுதான் மனிதனுக்கு 'நான் எதற்காகப் பிறந்தேன்?' என்ற சந்தேகம் வருகிறது. எனக்கு அது முப்பத்தொரு வயதில் வந்தது. பல்லேகலையில் ஒரு தொழிற்சாலைக் கந்தோரில் வேலை, மஹய்யாவயில் மெயின் ரோட்டோரம் வீடு, என்னைச் சகித்துக்கொள்ளும் மனைவி சுமதி. குறையென்று ஒன்றுமில்லை. ஆனால் வேலைக்குப் போகும் பஸ்ஸில் தினமும் யூடியூபில் ஒருவருடைய பேச்சைக் கேட்பேன். "நீ மகிழ்ச்சியாக இருக்கிறாயா?" என்று காலை ஏழு மணிக்கே அதட்டுவார். இரண்டு மாதம் கேட்ட பிறகு, நான் மகிழ்ச்சியாக இல்லை என்று முடிவுக்கு வந்தேன்.

அவர் சொன்ன மருந்து, பிறருக்குக் கொடுப்பது. பௌத்தர்களின் வெசாக் பண்டிகை நெருங்கிக்கொண்டிருந்தது. வழியில் போகிறவர்களுக்கு இலவசமாகச் சாப்பிடக் கொடுக்கும் தன்சல் ஒன்றைப் போடுவதென்று தீர்மானித்தேன். கந்தோர் முழுக்கச் சொல்லியும் விட்டேன். ("வாழ்க்கையோட நோக்கம் கெடச்சிருச்சு" என்று வேறு சொன்னேன். இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது.)

"ஊரே சேர்ந்து செய்ற வேலைங்க அது. நீங்க ஒத்த ஆளா செய்யப் போறீங்களா?" என்றாள் சுமதி.

"மனசு இருந்தா போதும்."

"கடலை எத்தன கிலோ?"

"அஞ்சு."

அவள் மேலும் கீழும் என்னைப் பார்த்தாள். ஆனாலும் வெசாக்குக்கு முதல் நாள் இரவு கடலையை ஊறப்போட்டாள்.

வெசாக் அன்று காலை பத்து மணிக்கு, தேங்காய்ச் சொட்டும் செத்தல் மிளகாயும் போட்டுத் தாளித்த கடலையோடு வாசலில் மேசை போட்டு நின்றேன். பக்கத்து வீட்டு நிமல் ஐயா நீளமான தடியில் கட்டிய மஞ்சள் கொடி ஒன்றை இரவல் கொடுத்தார். ஒரு மணி நேரம் ஆகியும் ஒருவரும் வரவில்லை. சற்றுத் தள்ளி இளைஞர்கள் சிலர் ஒலிபெருக்கி வைத்துச் சோறும் கறியும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். என்னிடம் வந்த ஒரே மனிதர், அந்தச் சோற்றுத் தன்சலுக்கு வழி கேட்டுவிட்டுப் போனார். கொடுக்கத் தயாராக நிற்பவனிடம் வாங்க ஆளில்லை. இந்த நோக்கமும் போய்விட்டால் எந்த முகத்தோடு கந்தோருக்குப் போவது?

வெசாக் நாளில் நடுரோட்டில் நின்று கொடியை ஆட்டினால் எந்த வாகனமும் நிற்கும். ஆட்டினேன். தம்புள்ளைப் பக்கமிருந்து தலதா மாளிகைக்குப் போய்க்கொண்டிருந்த பஸ் ஒன்று நின்றது. எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அதன் பின்னால் இன்னொன்று நின்றது. அதன் பின்னாலும் ஒன்று. ஒரே ஊர்க்காரர்கள், மூன்று பஸ் பிடித்து யாத்திரை வந்திருக்கிறார்கள்.

முதல் பஸ்காரர்கள் சாப்பிடும்போது எனக்குக் கண் கலங்கியது உண்மை. இரண்டாவது பஸ்ஸில் பாதிப்பேர் வாங்கும்போதே அகப்பை சட்டியின் அடியைச் சுரண்டியது. மிச்சப்பேர் வெள்ளை உடுப்போடு, கொளுத்தும் வெயிலில், ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் வரிசையில் நின்றார்கள். "அஞ்சு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனவன், கொல்லைப்புறத் தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் குந்திக்கொண்டேன். அவர்கள் தாமாகவே போய்விட வேண்டும் என்று எல்லாத் தெய்வங்களையும் வேண்டினேன்.

தெய்வத்துக்குப் பதிலாகச் சுமதி வந்தாள். "அங்க எழுபது எண்பது பேர் வெயில்ல நிக்கிறாங்க. இங்க என்ன பண்றீங்க?"

"யோசிக்கிறேன்."

"யோசிச்சது போதும். வந்து உள்ளதச் சொல்லுங்க."

கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துவந்தாள். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன்: "மன்னிச்சிருங்க. கடலை முடிஞ்சிருச்சு. இவ்வளவு பேர் வருவீங்கன்னு நெனக்கல."

முன்னால் நின்ற பருத்த அம்மா ஒருவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். வரிசை முழுக்கச் சிரித்தது. பிறகு அவர் சிங்களத்தில் கேட்டார்: "மகனே, நீ காலையில சாப்பிட்டியா?"

இல்லை. பதற்றத்தில் தண்ணீர் கூடக் குடிக்கவில்லை. அவர் பஸ்ஸைப் பார்த்துக் குரல் கொடுத்தார். மத்தியானத்துக்கென்று அவர்கள் கட்டிக்கொண்டு வந்த சோற்றுப் பார்சல்களில் ஒன்று இறங்கி வந்தது. என் தன்சலில், என் கதிரையில், என்னையே உட்கார வைத்துவிட்டுச் சுற்றி நின்றார்கள். பிஞ்சுப் பலாக்காய்க் கறி, பருப்பு, தேங்காய்ச் சம்பல். சுமதியும் நிமல் ஐயா வீட்டாரும் இரண்டு வீட்டுக் கேத்தல்களிலும் பிளேன்டீ ஊற்றி எல்லோருக்கும் கொடுத்தார்கள்.

அப்படியொரு ருசியை நான் அதற்குமுன் கண்டதில்லை. ஒவ்வொரு பிடிக்கும் மனதிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. நான் எதற்காகப் பிறந்தேன் என்பது அங்கே ஒருவருக்கும் தேவைப்படவில்லை. இலையில் சோறு மிச்சம் வைக்கிறேனா என்பதைத்தான் கவனித்தார்கள். அடுத்த வேலை நாளில் யூடியூப் மனிதரைத் திறக்காமல், பல்லேகலை வரை பஸ்ஸில் நிம்மதியாகத் தூங்கிப் போனேன்.

இதெல்லாம் நடந்தபோது எங்கள் மகள் பிறக்கவே இல்லை. ஆனாலும் நான் சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்து, "சோறு ஆச்சா?" என்று கேட்டால் போதும், அவள் வாசலுக்கு ஓடிப்போய்த் தெரு கேட்கக் கத்துகிறாள்: "அம்மா, சீக்கிரம்! அப்பாவுக்குப் பசிக்குதாம், பஸ்ஸ மறிக்கப் போறாரு!"