ஆண்டவருக்குச் சித்தமிருந்தா வண்டி வரும்

வருவதென்றால் வருகிறேன் என்று சொல்லுங்கள். வரமாட்டீர்களா, அதையாவது சொல்லித் தொலையுங்கள். "ஆண்டவருக்குச் சித்தமிருந்தா வர்றேன்" என்று மட்டும் என்னிடம் சொல்லாதீர்கள். எனக்கு ரத்தக்கொதிப்பு. (டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்கிறார். உப்பா காரணம்?)

காரணம் என் அண்ணன் சவரி. எண்பதுகளில் அவன் ஒரு ஜெபக்கூட்டத்துக்குப் போக ஆரம்பித்தான். அங்கே பைபிளில் யாக்கோபு எழுதிய நிருபத்தைப் படித்துக் காட்டியிருக்கிறார்கள். நாளைக்கு என்ன நடக்கும் என்று தெரியாத மனுஷன் அதைச் செய்வேன் இதைச் செய்வேன் என்று பெருமை பேசக் கூடாது, ஆண்டவருக்குச் சித்தமிருந்தால் செய்வேன் என்றுதான் சொல்ல வேண்டுமாம். நல்ல விஷயம்தான். ஆனால் இவனிடம் தேங்காய் வாங்கிட்டு வா என்றால்கூட, சித்தமிருந்தா வாங்கிட்டு வர்றேன் என்பான். தேங்காய் வராது.

இந்த லட்சணத்தில்தான் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தா, அதாவது சிப்பாய், லீவில் வந்திருந்தார். விபூதிப் புதனுக்கு முந்தின திங்கட்கிழமை நாள் குறித்தோம். அதை விட்டால் நாற்பது நாள் தபசுக்காலம், கோயிலில் கல்யாணம் கிடையாது. அது முடிந்து பாஸ்கா பண்டிகை வருவதற்குள் அவர் விமானம் ஏறிவிடுவார். அடுத்த லீவு எப்போதென்று அவருக்கே தெரியாது.

அதனால் எல்லாத் திட்டமும் நானே போட்டேன். பெரிய மார்க்கெட்டில் பூ வாங்க ஒருத்தர், வந்தவர்களை உட்காரவைக்க ஒருத்தர், அழுகிற அத்தையை அடக்க ஒருத்தர். (கல்யாணப் பெண் குனிந்த தலை நிமிரக் கூடாதாம். நான் குனிந்திருந்தால் பூ வந்திருக்காது.) சாரத்தில் இருந்த எங்கள் வீட்டிலிருந்து கோயிலுக்கு எங்களை ஏற்றிப்போக வண்டி சொல்லும் ஒரே வேலையை அண்ணனிடம் கொடுத்தேன்.

அன்று காலை பட்டுப்புடவையும் தலையில் வெள்ளை நெட் முக்காடுமாக நான் தயார். வண்டியைத்தான் காணோம். அண்ணன் சைக்கிளை மிதித்துக்கொண்டு அடுத்த தெரு வேன்காரர் கோதண்டம் வீட்டுக்குப் போய், வாடிய முகத்தோடு திரும்பினான். கோதண்டம் திண்டிவனத்துக்கு ஒரு காதுகுத்துக்குப் போய்விட்டாராம். "கடவுள் விட்ட வழின்னு சொல்லிட்டுப் போனீங்களாமே, வேணாம்னுதானே அர்த்தம்?" என்று அவர் மனைவி கேட்டிருக்கிறார்.

இவன் சொன்ன ஆண்டவர் சித்தம் அவர்கள் காதில் கடவுள் விட்ட வழி ஆகிவிட்டது. அந்தம்மா கேட்டதில் என்ன தப்பு? நம் ஊரில் ஒருத்தர் கடவுள் விட்ட வழி என்றால், ஆளை விடுப்பா என்று அர்த்தம். கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும்.

"அவரு சித்தம் வேற மாதிரி இருக்குதோ என்னமோ" என்றான் அண்ணன். எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது.

"அவரு சித்தத்த அவரு பாத்துக்குவாரு. வண்டி சொல்ல வேண்டியது நீ. கல்யாணம் நின்னா பழிய அவரு தலைல போடுவியா?"

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். அப்போதுதான் எங்கள் தெருவுக்குள் கல்யாண விருந்துக்கு நாங்கள் சொல்லியிருந்த பிரியாணி பாயின் மெட்டடோர் வேன் திரும்பியது. முந்தின நாள் வழியில் பார்த்த பாயிடமும் அண்ணன் இதே வசனத்தைத்தான் சொல்லியிருக்கிறான். பாய் பதிலுக்கு இன்ஷா அல்லா என்று சொல்லிவிட்டு, விடியுமுன்னே அடுப்பு மூட்டியிருக்கிறார். நான் நடுரோட்டில் போய் நின்று வண்டியை மறித்தேன். முன்சீட்டில் நான், பின்னால் பிரியாணி தேக்சாக்களுக்கு நடுவில் அப்பாவும் அம்மாவும். அண்ணன் சைக்கிளிலேயே வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

கோயிலுக்குள் நுழையும்போது என் புடவையெல்லாம் பிரியாணி வாசனை. மாமியார் மூக்கைச் சுருக்கினார். சாமியார் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் முழு மனதோடு வந்திருக்கிறீர்களா?" என்று வழக்கமான கேள்வியைக் கேட்டார். மாப்பிள்ளை ஆம் என்றார். எனக்குக் கோபம் இன்னும் இறங்கவே இல்லை.

"வண்டியே இல்லாம வந்திருக்கேன் சாமி" என்றேன். மைக் இருந்ததைக் கவனிக்கவில்லை.

கோயிலே சிரித்தது. சாமியார் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டு, "அப்போ முழு மனசுதான்" என்றார்.

ஆண்டவர் சித்தத்தால்தான் பாய் வண்டி வந்தது என்று அண்ணன் இன்றுவரை சாதிக்கிறான். இல்லை, பாய் நேரத்துக்கு அடுப்பு மூட்டியதால் வந்தது என்று நானும் விடுவதில்லை. நடுவில் பேசாமல் இருந்த வருஷங்களும் உண்டு.

என் வீட்டுக்காரர் இதில் கலந்துகொள்வதில்லை. ஆனால் எங்கள் இருவருக்குள் சண்டை முற்றி, அம்மா வீட்டுக்குப் போறேன் என்று நான் பெட்டியைத் தூக்கினால், படிக்கிற பேப்பரைக்கூட இறக்காமல் கேட்பார்:

"வண்டி சொல்லவா? இல்ல, என்கிட்ட வந்த மாதிரியே போயிடுவியா?"

எரிச்சலாகத்தான் இருக்கிறது. பெட்டியை உள்ளே வைத்துவிட்டு உலை வைக்கப் போவேன்.