மாத்திரை தொடாத உடம்பு

"உங்களுக்க மெஷின் கேடாக்கும். இன்னொரு மட்டம் பாரு மக்ளே," என்றார் ஆறுமுகப்பெருமாள்.

நாகர்கோவிலில் ஒரு ஆஸ்பத்திரியின் லேப் டாக்டர் பெபிஷா அப்போதே மூன்று மட்டம் பார்த்திருந்தாள். அவருடைய சிறுநீரில் கிருமி இருந்தது. சோதித்துப் பார்த்த எந்த மாத்திரை மருந்தும் அதை அசைக்கவில்லை. அது ஒழியாமல் முழங்கால் மூட்டு ஆபரேஷன் கிடையாது என்று எலும்பு டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆறுமுகப்பெருமாளுக்கோ வருகிற மார்கழித் தேருக்குச் சுசீந்திரத்தில் தன் காலால் நடந்தே ஆகவேண்டும். போன வருஷம் மச்சினனின் ஸ்கூட்டரில் தொற்றிக்கொண்டு போன அவமானம் இன்னும் ஆறவில்லை.

பெபிஷா ஒரு தட்டைக் காட்டினாள். அதில் அவருடைய கிருமியை வளரவிட்டு, மேலே மருந்து தோய்த்த பொட்டுப் பொட்டான காகிதங்களை வைத்திருந்தார்கள். மருந்து வேலை செய்தால் காகிதத்தைச் சுற்றிக் கிருமி செத்து வெறும் இடம் தெரியும். இவர் தட்டில் கிருமி வரப்பையும் விடாத கோரைப்புல் மாதிரி காகிதத்தை ஒட்டி வளர்ந்திருந்தது.

கடையில் இரண்டு மாத்திரை வாங்கிப் போட்டு, சுகமானதும் நிறுத்திவிடுகிறவர்களிடம்தான் பெரும்பாலும் கிருமி இப்படி மருந்துக்குப் பழகிப்போகும் என்றாள் அவள். அட்மிட் ஆகி ஊசி போட்டுக்கொண்டால் சரியாகிவிடுமாம்.

ஆறுமுகப்பெருமாளுக்கு வந்ததே கோபம்.

"நான் மாத்திர தின்ன ஆளில்ல. எது வந்தாலும் கஷாயம்தான். ஆரல்வாய்மொழிக் காத்துல வளந்த ஒடம்பாக்கும் இது."

ஆபரேஷன் மட்டும் இங்கிலீஷ் வைத்தியமில்லையா என்று பெபிஷா கேட்டாள். காலில் இரும்பு வைப்பது ஆசாரி வேலை, அதில் மருந்து எங்கே வந்தது என்று அவர் திருப்பிக் கேட்டார். மனைவி அழகம்மை, ஊசியைத்தான் போட்டுக்கிடுவோமே என்று மெல்லச் சொல்லிப் பார்த்தாள். அவர் முறைத்ததும் அடங்கிவிட்டாள்.

லேபின் பொய்யை உடைக்க மறுநாளே சாட்சிகளோடு வந்தார். பக்கத்து வீட்டு ஆனந்தகிருஷ்ணனும் அவன் மாமியாரும். இருவருக்கும் நீர்க்கடுப்பு. இருவருமே ஆறுமுகப்பெருமாள் வீட்டுக் கஷாயம் தவிர வேறு எதையும் தொடாதவர்கள். அந்தத் தெருவே அப்படித்தான். அழகம்மை காய்ச்சுவாள், அவர் தூக்குவாளியில் கொண்டுபோய் வீடு வீடாகக் கொடுத்துப் பெயர் வாங்குவார்.

முடிவு வந்தது. மூன்று பேருக்கும் அச்சு அசல் ஒரே கிருமி. மாமியாரை அன்றைக்கே அட்மிட் பண்ணிவிட்டார்கள். அவளுக்குத் துணையிருக்க மாட்டிக்கொண்ட ஆனந்தகிருஷ்ணன், ஆறுமுகப்பெருமாளோடு பேச்சை நிறுத்திக்கொண்டான்.

வேறு யாராக இருந்தாலும் அத்தோடு படுக்கையில் ஏறிப் படுத்திருப்பார்கள். இவர் எலும்பு டாக்டரையும் லேபுக்கு வரவழைத்துச் சவால் விட்டார்.

"எனக்க கஷாயத்தையே உங்க தட்டுல வச்சுப் பாருங்க. கிருமி சாவலேன்னா வாய மூடிட்டு ஊசி போட்டுக்கிடுகேன். செத்துதுன்னா நீங்க கத்திய எடுக்கணும்."

டாக்டர்கள் ஒத்துக்கொண்டார்கள். வீட்டுக்குப் போனதும் அழகம்மையிடம், தன் மானமே இதில்தான் இருக்கிறது, கனமாகக் காய்ச்சு என்று சொல்லிவிட்டுப் படுத்தார்.

பெபிஷா கஷாயத்தை இரண்டு தட்டுகளில் வைத்தாள். ஒன்றில் மருந்துக்கு அடங்கும் சாதாரணக் கிருமி, மற்றதில் அவருடையது. மறுநாள் அவள் முதல் தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். கஷாயத்தைச் சுற்றி ஐந்து ரூபாய் நாணய அகலத்துக்குக் கிருமி செத்துக் கிடந்தது. எலும்பு டாக்டர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். இரண்டாவது தட்டில் எதுவும் சாகவில்லை என்று பெபிஷா சொன்னதை ஆறுமுகப்பெருமாள் காதில் வாங்கவே இல்லை.

"படிச்ச பிள்ளையளே, இப்பம் என்ன சொல்லுகியோ?"

எலும்பு டாக்டர் மரியாதையாக நாற்காலியை இழுத்துப் போட்டு, இதைப் பெரிய இடத்துக்கு ஆராய்ச்சிக்கே அனுப்பலாம் என்றார். ஆறுமுகப்பெருமாள் உட்கார மறுத்து, நொண்டும் காலோடு நிமிர்ந்து நின்று, சுக்கு, நெருஞ்சில், சிறுபீளை என்று சொல்லிக்கொண்டே போனார். வேறு ஏதாவது சேர்ப்பதுண்டா என்று பெபிஷா கேட்டாள். அவர் பெருமையோடு மனைவியைப் பார்த்தார்.

அழகம்மை தயங்கித் தயங்கிச் சொன்னாள்:

"எப்பவும் மருந்துக்கட மாத்திர ரெண்டுதான் பொடிச்சுப் போடுவேன் டாக்டரம்மா. இவ்வொளுக்க மானம் போவாண்டாம்னு இந்த மட்டம் நாலு போட்டேன்."